எத்தனை வருஷம்

சந்தூர் ரோட்டில் எங்கள் மாம்பழக்கூழ் ஆலை.
நவம்பரில் ஈக்களுக்குக்கூட அங்கே வேலை இல்லை.
அப்போதுதான் முதலாளிக்குக்
காகிதங்கள் ஞாபகம் வரும்.

நெதர்லாந்துக்காரன் ஒரு டின்னின் அடியில் இருந்த எண்ணை அனுப்பி
இது எந்தத் தோட்டத்துப் பழம் என்று கேட்டிருந்தான்.
பதில் தேட எனக்குப் பதினோரு நாள்.
நாலாவது ரேக்கில் கரையான்,
ஆறாவதில் பல்லி முட்டை.
கடைசியில் பழைய பாய்லர் ரூமில்,
பெங்களூரா பழம் வந்த கிரேட்டுக்குள்
அந்தத் தாள் கிடைத்தபோது
அவன் வேறு யாரிடமோ வாங்கியிருந்தான்.

"ஒரு சிஸ்டம் பாரும்மா நாகவேணி" என்றார் சென்னகேசவன்.
"ரேட்டையும் பாரு."

ஓசூர்க்காரர் ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தார்.
இங்கேயே இருக்கும், எங்கேயும் போகாது என்றார்,
வீட்டோடு மாப்பிள்ளைக்குச் சிபாரிசு சொல்லும் குரலில்.
பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
அவரும் நானும்
பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பெங்களூர்க்காரர் வெறுங்கையோடு வந்தார்.
எல்லாம் மேகத்தில் என்று விரலை உயர்த்த
நானும் நிமிர்ந்து பார்த்தேன்:
தகர ஷீட், குளவிக்கூடு.
மாதாமாதம் பணம்.
கட்டாவிட்டால் தொண்ணூறு நாள் பொறுப்பார்களாம்.
எங்கள் ஊர் மேகத்தை எனக்குத் தெரியும்.
பர்கூர் பக்கம் இருட்டிக் கட்டி
குப்பம் தாண்டிப் போய்ப் பெய்யும்.

எல்லோருக்கும் ஒரே பரீட்சை வைத்தேன்.
பத்து லோடு ரசீதுகள்.
தோட்டக்காரர் பேர் தெலுங்கில், எடை தமிழில்,
டிரைவர் கையெழுத்து எந்த மொழியிலும் இல்லை,
மேலே பழச்சாற்றுக் கறை.
ஒன்று மூன்றைப் படித்தது, ஒன்று ஏழை.
கோயம்புத்தூரிலிருந்து கடைசியாக வந்த பையனுடையது
ஒன்பதைப் படித்தது,
பத்தாவதில் கறையை ஒரு பூஜ்யமாக எண்ணி
ஒரு டன்னைப் பத்து டன் ஆக்கியது.
"அந்தத் தோட்டக்காரன் கேட்டா சந்தோஷப்படுவான்" என்றார் முதலாளி.
விலையில் பன்னிரண்டாயிரம் குறைத்தார்கள்.
முடிந்தது.

முடியவில்லை.
ஒவ்வொரு தாளுக்கும் ஆயுசு சொல்லுங்கள் என்றான் அந்தப் பையன்.
எத்தனை வருஷம் என்று கட்டத்தில் போட்டால்
நாள் வந்ததும் தானே அழிந்துவிடும்.
சென்னகேசவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.
இவ்வளவு நேரம் அவர் அப்படி உட்காரவில்லை.
"எல்லாத்துக்கும் எட்டு போடு."

கொள்முதல், எட்டு.
லேப் ரிப்போர்ட், எட்டு.
வருகைப் பதிவு, எட்டு.
அடுத்தது விபத்துப் பதிவேடு.

அதில் நாற்பத்தொன்றாம் பக்கம்.
ஜூன், இரவு ஷிஃப்ட், ஸ்டீம் வால்வு,
மாதம்மா, வலது முழங்கை வரை.
கடைசிப் பத்தியில் 'சிறு காயம்' என்று இருக்கும்.
அவர் சொன்னார். எழுதியது என் கை.
வருகிற ஜூனோடு எட்டு ஆகிறது.
போச்சம்பள்ளிச் சந்தையில் அவள்
பல்லால் நாரைக் கடித்துக் கீரை கட்டுவதைப்
பார்த்திருக்கிறேன்.
இரண்டு ஞாயிறாக அந்த வரிசைப் பக்கம் போகவில்லை.

கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் இறங்கியது.
ஒன்று, மூன்று, ஐந்து, எட்டு,
அடியில் 'நிரந்தரம்'.
முதலாளி போனில் யாரிடமோ
ஆக்டிவா விலை கேட்டுக்கொண்டிருந்தார்.
பையன் என் விரலைப் பார்த்தான்,
பிறகு ஜன்னலைப் பார்த்தான்.
"ஒருதடவை வச்சா மாத்த முடியாதுக்கா" என்றான், மெதுவாக.
வைத்தேன்.

ஜனவரி முழுக்க ஸ்கேனிங்.
நாற்பத்தொன்றின் கீழே பச்சை வெளிச்சம் நகர்ந்து முடிந்ததும்
குறிச்சொல் மூன்று கேட்டது.
மாதம்மா என்று கொடுத்தேன்.
வால்வு என்று கொடுத்தேன்.
டீ வந்தது, குடித்தேன்.
மூன்றாவதாக என் பேரைக் கொடுத்தேன்.

வேலை செய்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டுமே.
மாதம்மா என்று அடித்தேன்.
சம்பளப் பட்டியல்களிலிருந்து இருபத்திரண்டு மாதம்மாக்கள்
வரிசையாக வந்து நின்றார்கள்.
நாகவேணி என்று அடித்தேன்.
ஒரே ஒரு தாள்.